சார்ஜருக்கும் வந்தது அடையாள அட்டை

போன செவ்வாய்க்கிழமை என் போன், என் புதுச் சார்ஜரிடம் அடையாள அட்டை கேட்டது.

சார்ஜரிடம் இல்லை.

கொழும்பிலிருந்து மகள் அனுப்பியது. வட்டமாக, வெள்ளையாக, பார்க்க நல்ல வடிவான தட்டு. வயர் எதையும் போனில் செருக வேண்டாம். மேலே வைத்தால் போதும், தானாகச் சார்ஜ் ஏறும். காலையில் வைத்தேன். சோறு வடித்து, மீன் குழம்பு இறக்கி, குளித்துவிட்டு வந்து பார்த்தால்... கால்வாசிதான் ஏறியிருந்தது!

மகளுக்கு அழைத்துச் சொன்னேன்.

“பழுதான சாமானைத் தந்திட்டாங்களோ அம்மா?”

“பழுதில்லைப் பிள்ளை. அதுக்கு ஐடென்ரிக் கார்ட் இல்லை. அதுதான் போன் சந்தேகப்பட்டு மெல்ல மெல்ல வாங்குது.”

அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் ஒரு டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவள் நினைத்திருப்பாள். உங்களில் சிலரும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். தெரியும். கொஞ்சம் பொறுங்கள்.

திருகோணமலைக்காரருக்கு அடையாள அட்டை புதிதா என்ன? போர்க் காலத்தில் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனாலும் அது பர்ஸுக்குள் இருக்க வேண்டும். சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, வரிசையில் நடந்து, காட்டி, மறுபடி ஏறி... இன்றைக்கும் எனக்குக் கனவில் வரும் பதற்றம் ஒன்றே ஒன்றுதான். அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேனோ?

அது போய், இப்போது ஓய்வூதியம். இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்ந்தவள் நான். வருடத்துக்கு ஒரு தடவை, நான் உயிரோடு இருக்கிறேன் என்று கடிதம் கொடுக்க வேண்டும். நானே நேரில் போய் நின்றாலும் கடிதம் வேண்டும். நான் மூச்சு விடுவது கணக்கில் வராது.

இப்படிக் கேட்கப்பட்டே பழகியவளுக்கு, ஒரு போன் இன்னொரு சாமானை மறித்து வைத்து “நீ யார்?” என்று கேட்கிறது என்று தெரியவந்தால் எப்படி இருக்கும்? சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது. பொய் சொல்வானேன்?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு பேர்தான் காரணம்.

ஒருத்தி ரிஸானா. கிண்ணியாப் பெண். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறாள். கடைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில்தான் நிற்க வேண்டும். கோபம் வந்தால் கத்த மாட்டாள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஏதாவது ஒரு போனைக் கழற்றத் தொடங்கிவிடுவாள். கழற்றும் வேகத்தில் கோபத்தின் அளவு தெரியும்.

மற்றவர் குணம் அண்ணன். சல்லி என்கிற மீனவக் கிராமத்தில் பைபர் படகு செய்கிறவர், திருத்துகிறவர். வயதில் என்னைவிட மூத்தவர்களும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

கடலுக்குப் போகிறவர்களின் போனுக்கெல்லாம் ஒரே சாவுதான். சார்ஜ் வயர் செருகும் துளையில் உப்புத் தண்ணீர் பட்டு, கறள் பிடித்து, போய்விடும். அப்படிச் செத்த போன்களைக் குணம் அண்ணன் ஒரு பையில் கட்டிக்கொண்டு ரிஸானாவிடம் வருவார். ஒருநாள் அவளுக்கு அலுத்துவிட்டது.

“அண்ணா, துளையை எத்தனை தரம் மாத்துறது? துளையே இல்லாமச் சார்ஜ் பண்ணினா என்ன?”

“ஏலுமோ?”

“ஏலும். ஆனா சார்ஜர் நனையக் கூடாது.”

“நனையாமல் மூடுறது என்ர வேலை,” என்றார் அண்ணன்.

அப்படித்தான் அது பிறந்தது. உள்ளே இருக்கும் சுருளும் சர்க்கிட்டும் ரிஸானா செய்தவை. அதைச் சுற்றி, படகுக்கு ஊற்றும் அதே ரெசினை ஊற்றி மூடியது குணம் அண்ணன். கடலில் விழுந்தாலும் எடுத்துத் துடைத்துவிட்டுப் பாவிக்கலாம். சல்லியில் நாலைந்து படகில் ஏறியது. பிறகு இறக்கக்கண்டியில் இருந்தும் ஆள் வந்தது. வயர்லெஸ் வசதியுள்ள பழைய போன்களாகவே தேடி வாங்கத் தொடங்கினார்கள்.

இதை நிலாவெளியில் ஒரு ஹோட்டல்காரர் பார்த்துவிட்டார். கடற்கரை மணலில் மேசை போடுகிறவர். உப்புக்காற்றுக்கு அங்கே எந்தச் சார்ஜரும் ஒரு சீசன் தாங்குவதில்லை. மேசைக்கு ஒன்று வேண்டும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை.

“சான்றிதழ் வேணும் தங்கச்சி. வெளிநாட்டுக்காரர்ர போன் வைக்கிற சாமான். ஏதும் சூடாகி வெடிச்சால் நான்தான் பதில் சொல்ல வேணும். சீசன் தொடங்க முந்தித் தாங்கோ. இல்லாட்டி நான் கொழும்பில எடுக்கிறன்.”

ரிஸானா என்னிடம் ஓடி வந்தாள். சான்றிதழ் எடுக்கும் விண்ணப்பம் முழுக்க இங்கிலீஷ். “டீச்சர், நீங்க பேப்பருக்கு எழுதுறவங்கதானே. இதையும் எழுதித் தாங்க!”

பத்தி எழுதுகிறவருக்குப் படிவம் நிரப்பத் தெரியும் என்று யார் சொன்னது? ஆனாலும் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததால்தான் இத்தனையும் படித்தேன்.

இந்தக் காலத்து வயர்லெஸ் சார்ஜரில் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. பச்சரிசி மணியிலும் சின்னது. தட்டின் மேல் வைத்தவுடன் போன் அதனோடு கதைக்கிறது. யார் செய்த சாமான், தரச் சோதனை தேறியதா என்று கேட்கிறது. பதில் சரியென்றால் முழு வேகத்தில் கரண்ட் எடுக்கும். சரியில்லை என்றால் மரியாதைக்குக் கொஞ்சம்.

“அப்ப, அட்டையைக் கொப்பி அடிச்சு வேற சார்ஜரில போட ஏலாதா?” என்று கேட்டேன். இந்த ஊரில் வளர்ந்த புத்தி!

“ஏலாது டீச்சர். அது அட்டை மட்டும் காட்டுறதில்ல. போன் ஒவ்வொரு தரமும் புதுசா ஒரு கேள்வி கேக்கும். சிப் தனக்குள்ள ஒரு ரகசியச் சாவி வச்சிருக்கு. அதால அந்தக் கேள்விக்குக் கையெழுத்து வச்சுக் குடுக்கும். சாவியை மட்டும் வெளியில காட்டவே காட்டாது. எனக்கும் காட்டாது. நேத்துச் சொன்ன பதிலைப் பதிஞ்சு வச்சு இண்டைக்குச் சொன்னா, மாட்டிக்கும்.”

“அந்தக் கையெழுத்து உண்மையெண்டு போனுக்கு யார் சொல்றது?”

“சிப்புக்கு நான் பொறுப்பு. எனக்குச் சான்றிதழ் தாற நிறுவனம் பொறுப்பு. அந்த நிறுவனத்தைப் போனுக்கு முதலே தெரியும்.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கிராம சேவகர் கடிதம், அதன் கீழே பிரதேச செயலக முத்திரை! இதைப் புரிந்துகொள்ளவா நான் மூன்று நாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தேன்?

கடையைப் பதிந்ததும் சிப்புகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இலக்கம், தனித்தனிச் சாவி. எல்லாவற்றிலும் தயாரிப்பாளர் என்ற இடத்தில் ரிஸானாவுடைய கடையின் பெயரும் குறியீடும். அதைக் கணினியில் பார்த்தபோது அவள் திரையை இன்னும் கிட்ட இழுத்துப் பார்த்தாள். கிண்ணியாவில் சாலிடரிங் பிடித்த நாளிலிருந்து, “பொம்பளப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு?” என்று கேட்டவர்களின் பட்டியல் அவளிடம் நீளம்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றாள். பிறகு, “டீச்சர், பேரைச் சரியாத்தான் எழுதியிருக்காங்க,” என்றாள்.

ஐந்து மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். குணம் அண்ணன் ரெசின் ஊற்றிக் காயவைத்துக் கொண்டுவந்தார். அன்றைக்குக் கூரியர் பூட்டும் நேரம் நெருங்கிவிட்டது. ரிஸானா ஒவ்வொன்றின் மேலும் போனை வைத்தாள். ஐந்தும் “டிங்” என்றன. சிப்பைப் போன் ஏற்றுக்கொண்டுவிட்டது. அவ்வளவு போதும் என்று பெட்டிக்குள் போட்டாள். நான் படிவத்தில் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதினேன். “வரைபடத்தில் காட்டப்படாத உலோகப் பாகம் ஏதும் உள்ளே உண்டா?”

இல்லை என்று எழுதி, தொடர்பாளர் என்ற இடத்தில் கையெழுத்தும் வைத்தேன். நல்ல அழகான கையெழுத்து.

மூன்று கிழமையில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். சிப் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறது. ஆனால் ஐந்து தட்டும் சில நிமிடத்தில் சூடாகி, தாமாகவே நின்றுவிடுகின்றன. காரணம் தேடி எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். படமும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தட்டிலும், சுருளுக்குப் பக்கத்தில், வட்டமாக ஒன்று. அதன் கீழே ஒரு கேள்வி. உங்கள் வரைபடத்தில் இல்லாத இந்த வட்ட உலோகப் பாகத்தின் செயல்பாடு என்ன? பத்து நாளுக்குள் விளக்கம் தேவை. திருப்தியான விளக்கம் இல்லாவிட்டால் விண்ணப்பம் மூடப்படும். தயாரிப்பாளர் குறியீடும் மீளப் பெறப்படும்.

குறியீடு போனால் சிப்புகள் போயிற்று. அவள் பெயரில் பிறந்தவை வேறு யாருக்கும் உதவாது. சீசனுக்கு இன்னும் இரண்டரை மாதம்தான்.

ரிஸானா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். நான் இருந்த பத்து நிமிடத்தில் மூன்று போனைக் கழற்றிவிட்டாள். அவற்றில் ஒன்று என்னுடையது.

ஓட்டோ பிடித்துச் சல்லிக்குப் போனோம். குணம் அண்ணன் கவிழ்த்துப்போட்ட படகு ஒன்றுக்குக் கீழே படுத்துக் கிடந்தார். எக்ஸ்ரே படத்தைக் காட்டினோம். வெயிலுக்குக் கையால் மறைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“அட, என்ன வடிவாத் தெரியுது! அஞ்சும் தெரியுதே!”

“என்ன அண்ணா அது?”

“காசு. ஒரு ரூபாக் குத்தி.”

வீட்டுக்கு நிலை வைக்கும்போது காசு வைப்பார்கள் அல்லவா? குணம் அண்ணன் அதைப் படகுக்கும் செய்வார். அணியம் என்கிற முன்முனையில் ஒரு ரூபாய்க் குற்றியை வைத்து, மேலே ரெசின் பூசிவிடுவார். அவர் கையால் செய்த படகு எதுவும் காசில்லாமல் தண்ணீருக்குப் போனதில்லை.

“முந்திச் செய்த தட்டுகளில ஒண்டிலயும் இல்லையே!” ரிஸானாவின் குரல் உடைந்துவிட்டது. “அதெல்லாம் நல்லா வேலை செஞ்சதே!”

“அது எங்கட கடலுக்குத்தானே பிள்ளை. காசு வச்ச படகில ஏத்தினதுக்கு வேற காசு ஏன்? இது அஞ்சும் தனியக் கடல் தாண்டிப் போகுதெண்டு சொன்னனீங்கள். அவ்வளவு தூரம் போறதை நான் வெறுமன விடுவனோ?”

அவள் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வயர்லெஸ் சார்ஜருக்குப் பக்கத்தில் உலோகம் இருக்கவே கூடாது, அதுதான் முதல் எதிரி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் சிப்பைப் பற்றியே கதைத்துக்கொண்டு திரிந்தோம். அவரிடம் எதையும் விளக்கவில்லை. அது எங்கள் பிழை. அதை நான் அப்போதே சொன்னேன். அப்படியும் அண்ணனுடைய முகம் வாடித்தான் போயிற்று.

“டீச்சர், நான் கோயில் குளமெண்டு திரியிற ஆள் இல்லை. ஆனால் ஒண்டைச் செய்து அனுப்பேக்க, இது திரும்பி வரவேணுமெண்டு ஒருத்தன் நினைச்சவன் எண்டதுக்கு ஒரு அடையாளம் உள்ளுக்குக் கிடக்க வேணும். வெளியில தெரியத் தேவையில்லை.”

இந்த மனிதர் இத்தனை வருடமாகப் படகுக்குள் சிப் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்! எந்தப் போனும்தான் அதைக் கேட்டதில்லை.

சரி, பதில் எழுத வேண்டுமே. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். முதலில் ஒரு பொய்யைத்தான் எழுதினேன். “தட்டின் எடையைச் சமப்படுத்துவதற்காக வைக்கப்பட்ட பாகம்.” இங்கிலீஷில் வாசிக்க அருமையாக இருந்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ரிஸானா வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள்.

“டீச்சர், சிப் வைக்கிறதே பொய் சொல்லாம இருக்கத்தான். அதுக்கு நாம பொய் எழுதிக் குடுக்கிறதா?”

முப்பது வருடம் மற்றவர்களுடைய கொப்பியில் சிவப்பு மை அடித்தவளுக்கு அன்றைக்குத்தான் திருப்பிக் கிடைத்தது. வெட்கமாக இருந்தது. கிழித்துவிட்டு மூன்றே வரி எழுதினேன். அது ஒரு நாணயம். எங்கள் ஊரில் படகு செய்கிறவர் ஒருவர், தான் செய்து அனுப்பும் எதற்குள்ளும் அதை வைப்பார். செயல்பாடு: பாதுகாப்பாகத் திரும்பி வருதல். உலோகம் ஏதும் இல்லை என்று முன்பு தெரியாமல் எழுதிவிட்டதற்கு மன்னிக்கவும் என்று கீழே சேர்த்தேன். ஆக, நாலு வரி.

ஒன்பதாம் நாள் வரைக்கும் பதில் இல்லை. நான் குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியாமல் திரிந்தேன். பத்தாம் நாள் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது. மேற்படி பாகம் இல்லாமல் புதிய மாதிரிகள் அனுப்பவும்.

இப்போது அடுத்த வழக்கு. காசு வைக்காமல் அனுப்பக் குணம் அண்ணனுக்கு மனம் வரவில்லை. மாட்டேன் என்று சொல்லவில்லை. ரெசின் ஊற்றினார், தட்டுகளைக் கொண்டுவந்து தந்தார். ஆனால் ஒரு ரூபாயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, போகாமல் கடை வாசலிலேயே நின்றார். பக்கத்தில் ஒரு மான் வேறு வந்து நின்று எங்கள் அட்டைப்பெட்டியை முகர்ந்து பார்த்தது. தெருவெல்லாம் திரியும் எங்கள் ஊர் மான்களுக்கு அட்டைப்பெட்டி என்றால் பலகாரம். பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்ட ரிஸானாவுக்கு அந்த நேரம்தான் யோசனை வந்திருக்க வேண்டும்.

“அண்ணா, காசு வைக்கிறது படகிலயா, படகில ஏத்துற சாமானிலயா?”

“படகிலதான்.”

“அப்ப, இண்டைக்குக் கடல் தாண்டப் போறது இந்தப் பெட்டி. தட்டெல்லாம் சாமான். சாமானுக்கு என்னத்துக்குக் காசு?”

குணம் அண்ணன் பெட்டியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். படகுக்காரருக்கு இதற்கு மேல் என்ன வாதம் வேண்டும்?

“ஓம்... அதுவும் சரிதான்,” என்றார்.

பெட்டியின் உள்பக்கம், முன் மூலையில், சொட்டு ரெசின் விட்டு ஒரு ரூபாயை ஒட்டினார். அது முன் மூலை என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். பெட்டிக்குள் இருப்பவை என்ற பட்டியலில் நான் அதையும் எழுதினேன். இந்தத் தடவை உண்மையைத் தவிர வேறொன்றும் எழுதுவதில்லை என்று இருந்தேன்.

அந்தப் பெட்டி போய் ஆறு கிழமை. இனி, போன செவ்வாய்க்கு வருவோம். மகளுடைய சார்ஜர் மெல்ல மெல்ல மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அதே நாள் பின்னேரம் ரிஸானா அழைத்தாள். சான்றிதழ் வந்துவிட்டது! ஹோட்டல்காரருக்கும் அனுப்பிவிட்டாளாம். மேசைக்கு ஒன்று, அவரே உறுதி சொல்லிவிட்டாராம். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நல்ல சகுனம் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை கூரியரில் மாதிரிகள் திரும்பி வந்தன. ஐந்து தட்டும் பத்திரமாக இருந்தன. கூடவே ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை. பெட்டியின் அந்த மூலையைச் சதுரமாக வெட்டி எடுத்து, ஒட்டிய காசோடு அப்படியே வைத்திருந்தார்கள். மேலே ஆய்வகத்தின் சோதனைச் சீட்டு. யாரோ பேனாவால் நிரப்பியிருந்தார்கள்.

பாகம்: நாணயம். செயல்பாடு: பாதுகாப்பாகத் திரும்பி வருதல். முடிவு: தேறியது.

கீழே கையெழுத்தும் இருந்தது. முன்பின் தெரியாத அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

பையை எடுத்துக்கொண்டு சல்லிக்கு ஓடினேன். குணம் அண்ணனுக்கு இரண்டு நாளாக எந்தச் செய்தியும் போய்ச் சேரவில்லை. துளையில் கறள் பிடித்து அவருடைய போன் செத்துப் போயிருந்தது. ஆம், ஊருக்கெல்லாம் வயர்லெஸ் சார்ஜர் செய்கிறவருடைய போன்!

சீட்டை வாசித்து, தமிழில் சொன்னேன். காசு தேறியதை மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அவர் பையை வாங்கி ஒருதரம் பார்த்தார். சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“அது தேறுமெண்டு எனக்குத் தெரியும் டீச்சர். அந்தப் பிள்ளையின்ர சிப் என்னமாதிரி? தேறினதோ?”